எல்லையோரத்தில் ஒரு மொழிப் பட்டம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைப் பற்றியே கேட்கின்றன. பிள்ளைகள் கல்லூரியில் தமிழையோ மலையாளத்தையோ தெலுங்கையோ முதன்மைப் பாடமாக எடுக்கலாமா, எடுத்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்பதே அந்தக் கேள்வி. தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படும் இரண்டு சித்தூர்களிலிருந்தும், அதாவது பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்தும் ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்திலிருந்தும், கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எல்லையோரப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் இந்தக் கேள்வி எனக்கும் நெருக்கமானது.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தாள். பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். பி.ஏ. தமிழ்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். அவளுடைய அப்பாவும் பெரியப்பாவும் பொள்ளாச்சியில் பி.காம். சேர்க்க நினைக்கிறார்கள். “கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் படித்து யாருக்கு எழுதிக் காட்டப் போகிறாள்?” என்று பெரியப்பா கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
(ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: அம்மா, உங்கள் மகளைத் தமிழே படிக்க விடுங்கள். ஆனால் அதோடு மலையாளத்தையும், பேசத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடாமல், பாடமாகவே படிக்கச் சொல்லுங்கள். இன்று மற்றவர்களுக்குச் சொல்லப் போகும் பதில்களிலும் இதுவே அடிப்படை. எனவே காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வடகரப்பதிப் பக்கத்து விவசாயி ஒருவர், தம் நிலத்து ஆவணங்களைப் பொள்ளாச்சியில் ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டியிருந்தது. ஆவணங்கள் மலையாளத்தில் இருந்ததால், தெரிந்த பையன் ஒருவன் கைபேசியில் படம் எடுத்துத் தமிழாக்கிக் கொடுத்திருந்தான். அந்தத் தாளில் ஓரிடத்தில் “நிலத்தின் போக்குவரத்து முடிந்தது” என்றிருந்தது. மலையாளத்தில் இருந்த சொல் ‘போக்குவரவு’. கேரள வருவாய்த் துறையில் அதற்குப் பொருள், நிலத்தின் வரிக்கணக்கை ஒருவர் பெயரிலிருந்து மற்றொருவர் பெயருக்கு மாற்றுவது. தமிழ்நாட்டில் நாம் பட்டா மாறுதல் என்கிறோமே, ஏறக்குறைய அது. என்னிடம் தமிழ் படித்த பெண் ஒருவரை அழைத்து அந்த ஆவணத்தைக் கொடுத்தேன். அவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒவ்வொரு மலையாளச் சொல்லின் மேலும் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதிக்கொண்டே போனார். ஆதாரம் என்ற இடத்தில் பத்திரம், தீறாதாரம் என்ற இடத்தில் கிரயப் பத்திரம், பாகபத்திரம் என்ற இடத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம், ஒழிமுறி என்ற இடத்தில் விடுதலைப் பத்திரம், கரம் என்ற இடத்தில் நிலவரி. தமிழில் பத்திரம் என்று சொல்லும் பொருளுக்கு மலையாளத்தில் ஆதாரம் என்பதும், மலையாளத்தில் வெறுமனே பத்திரம் என்றால் செய்தித்தாள் என்பதும் எல்லையில் பிறந்த எவருக்கும் காதில் விழுந்தவைதாம். ஆனால் காதில் விழுந்ததைத் தாளில் பிழையில்லாமல் நிறுத்த, இரண்டு மொழிகளையும் இலக்கணத்தோடு படித்த ஒருவர் வேண்டியிருந்தது. மூன்று பக்க ஆவணத்தை அவர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். அந்த விவசாயி அவருக்குக் கூலி கொடுத்தபோது, பெண் வாங்கக் கூச்சப்பட்டார். வாங்கத்தான் வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தினேன். அது படித்த படிப்புக்கு உரிய கூலி.

பெரியப்பாவின் கேள்விக்கும் நேரடியான பதில் உண்டு. கேரளத்துத் தமிழர்களும் கன்னடர்களும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரப்பட வேண்டும் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் கொடுத்தது. தமிழில் வரும் மனுவைப் படித்து, மலையாளத்தில் நடக்கும் கோப்பில் அதன் பொருளை ஏற்றி, முடிவைத் திரும்பத் தமிழில் எழுதித் தருவதற்கு ஆள் இல்லாவிட்டால் அந்த உரிமை சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும். யாருக்கு எழுதிக் காட்டப் போகிறாள் என்று கேட்டவருடைய ரேஷன் அட்டைத் திருத்த மனுவையே அவள் எழுதிக் கொடுக்க நேரலாம்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். கேரளப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புகளுக்குத் தமிழாசிரியர் ஆக வேண்டுமானால் பட்டத்தோடு பி.எட். முடித்து, கே-டெட் என்னும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். மேல்நிலை வகுப்புகளுக்கு எம்.ஏ., பி.எட்., செட் என்னும் மாநிலத் தகுதித் தேர்வு ஆகிய மூன்றும் வேண்டும். தமிழுக்கான இடங்கள் குறைவு. அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. இடைப்பட்ட காலத்தில் கெஸ்ட் லெக்சரராகவோ தற்காலிக ஆசிரியராகவோ இருந்து பொறுமையைச் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பணிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். விண்ணப்பிக்கலாம்தான். ஆனால் கேரளத்தில் பெற்ற சாதிச் சான்றிதழைக் காட்டி அங்கே இடஒதுக்கீட்டைக் கோர முடியாது. பொதுப் போட்டியில்தான் நிற்க வேண்டும். இதைச் சேரும்போதே தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் எம்.ஏ. முடித்த பிறகு இதைக் கேள்விப்பட்டுத் தளர்ந்துபோன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்த பிறகும் படிக்கச் சொல்கிறேன் என்றால், அதற்குக் காரணம் உண்டு. தமிழ் மட்டும் படித்தவர்கள் தமிழ்நாட்டில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு கொழிஞ்சாம்பாறைப் பெண் போட்டியிட்டால் அவளுக்கென்று தனியாக எதுவும் கையில் இருக்காது. மலையாளத்தையும் அதே ஆழத்தில் கற்றவள் என்றால், பத்திரிகை, மொழிபெயர்ப்பு, நீதிமன்ற ஆவணம், பாடநூல், மருத்துவமனை, திரைப்பட வசனம் என்று எங்கே இரண்டு மொழிகள் சந்திக்கின்றனவோ அங்கெல்லாம் அவளைத் தேடி வருவார்கள். கேரளத்தில் 2024 முதல் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. முதன்மைப் பாடத்தோடு துணைப் பாடத்தையும் மாணவரே தேர்ந்துகொள்ள அதில் இடம் உண்டு. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் தொடர்ந்து ஆனர்ஸ் பட்டமும் பெறலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. 1947-இல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே போய், தமிழை முதன்மையாகவும் மலையாளத்தைத் துணையாகவும் எடுக்க இந்த ஆண்டு வாய்ப்பு இருக்கிறதா என்று துறையிலேயே கேளுங்கள். கணக்குப் பாடம் எடுத்துவிட்டு மனம் ஒட்டாமல் மூன்று ஆண்டு உட்கார்ந்திருப்பதைவிட, விரும்பிய பாடத்தில் முன்வரிசை மாணவியாக இருப்பது வீட்டுக்கும் நல்லது என்று அவளுடைய அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருடைய கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பெண்ணுக்குச் சொந்தமாக வருமானம் வேண்டும் என்று நினைக்கும் அப்பா நல்ல அப்பாதான்.

கேள்வி: நான் பி.ஏ. தமிழ் முதலாண்டு மாணவன். மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவேன். ஆனால் பேருந்துப் பலகையைத் தாண்டிப் படிக்கத் தெரியாது. வகுப்பில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இனி கற்றுக்கொள்ள முடியுமா, எங்கே தொடங்குவது?
(ஒரு மாணவர், வேலந்தாவளம்)

பதில்: தம்பி, பேச்சு கைவசம் இருப்பவனுக்கு எழுத்து என்பது இரண்டு மாத வேலை. பெருஞ்சுவர் என்று நினைத்து அஞ்ச வேண்டாம். ழ, ள, ற, ண என்று பிற மாநிலத்தவர் நாக்கு தடுமாறும் ஒலிகள் எல்லாம் உனக்குப் பிறவியிலேயே வந்தவை. இன்றைய மலையாள எழுத்து கிரந்தத்தின் வழி வந்தது. கிரந்தமோ தமிழகத்தில் வடமொழியை எழுதுவதற்காக வழங்கிய எழுத்து. அதற்கு முன்பு கேரளத்தில் பெருவழக்காக இருந்த வட்டெழுத்து தமிழுக்கும் உரியதுதான். முதலில் தமிழெழுத்துக்கு ஒத்து வரும் எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள். வல்லினத்துக்கு நான்கு நான்காக வரும் எழுத்துகள் பெரும்பாலும் வடசொற்களுக்காக வந்தவை. அவற்றை இரண்டாம் மாதத்துக்கு ஒதுக்கி வை. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். 1971-இல் மலையாள எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான நூல்களில் கூட்டெழுத்துகளும், உ, ஊ சேர்ந்த வடிவங்களும் வேறு மாதிரி இருக்கும். நூலகத்தில் பழைய நூலை எடுத்துவிட்டு, நமக்கு வரவில்லையே என்று மூடி வைத்துவிடாதே.

எழுத்தைக் கற்கும்போதே ஒலியையும் கவனி; அங்கேதான் உன் தமிழ்ப் படிப்பு ஒளி பெறும். தமிழில் ந, ன என்று எழுத்து இரண்டு இருக்கின்றன. பேச்சில் பெரும்பாலோருக்கு அவற்றின் வேறுபாடு மங்கிவிட்டது. மலையாளத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஆனால் ஒலி வேறுபாடு வாயில் அப்படியே இருக்கிறது. நனைந்தது என்பதை மலையாளத்தில் ‘நனஞ்ஞு’ என்கிறோம் அல்லவா, அதை உரக்கச் சொல்லிப் பார். முதல் எழுத்துக்கு நாக்கு பல்லைத் தொடும். இரண்டாவதற்கு மேலே ஏறி அண்ணத்தின் முன்பகுதியைத் தொடும். எழுத்துகளின் பிறப்பிடத்தைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்வதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் மாணவர்கள் பலர். வேலந்தாவளத்து டீக்கடையில் காது கொடுத்தே அதைச் சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பு உனக்கு இருக்கிறது.

அதன் பிறகு வினைமுற்றுக்கு வா. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள் என்று விகுதியே ஆளைச் சொல்லிவிடுகிறது. மலையாளத்தில் எல்லாவற்றுக்கும் ‘வந்நு’ ஒன்றுதான். யார் வந்தார் என்பதை எழுவாய்தான் சொல்ல வேண்டும். ஆகவே மலையாளப் பத்தியைத் தமிழாக்கும்போது, வந்தது ஆணா பெண்ணா, மரியாதைக்கு உரியவரா என்பதை மொழிபெயர்ப்பவர் முன்பின் படித்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். மரியாதை விகுதியைத் தவறாகப் போட்டுவிட்டால், நல்ல கதையும் கெட்டுவிடும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். இரு மொழியிலும் இருந்துகொண்டு பொருள் மாறும் சொற்களை அதில் எழுது. வெள்ளம் தமிழில் பெருக்கு, மலையாளத்தில் தண்ணீர். மறுபடி தமிழில் மீண்டும், மலையாளத்தில் பதில். அவசரம் என்ற சொல் தமிழில் விரைவு, மலையாளத்தில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை. உபன்யாசம் தமிழில் சமயச் சொற்பொழிவு; மலையாளத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கட்டுரை; தெலுங்கில் எந்தப் பொருள் பற்றியும் ஆற்றும் உரை. வாரம் பத்துச் சொல் சேர்ந்தால்கூட, பட்டம் வாங்கும்போது உன்னிடம் ஒரு சிறு அகராதியே இருக்கும். கூச்சத்தைப் பற்றிக் கேட்டாய். சித்தூர்த் தெற்குக் கிராமத்தில் சோகநாசினி ஆற்றங்கரையில் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது; மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படுபவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடம் அது என்பது மரபு. உன் ஊரிலிருந்து வெகுதூரமில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் ஒருநாள் போய், அங்குள்ள பலகைகளை நீயே படித்துவிட்டு வா.

கேள்வி: என் மகன் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புகிறான். மொழியியல், ஒப்பியல் என்கிறான். தமிழா தெலுங்கா என்று கேட்டால் இரண்டும்தான் என்கிறான். இப்படி இரண்டு படகில் கால் வைக்கலாமா?
(ஒரு வாசகர், குப்பம்)

பதில்: ஐயா, வைக்கலாம்; அந்தப் படிப்பே அதுதான். ஆந்திரமும் தமிழ்நாடும் கர்நாடகமும் கூடும் முனையில் உங்கள் ஊர் இருப்பதால்தான், 1997-இல் ஆந்திர அரசு அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு அந்தப் பல்கலைக்கழகத்தை அங்கே நிறுவியது. அதற்கான எண்ணத்தை முன்வைத்து உழைத்தவர்களில் முதன்மையானவர் வ. அய். சுப்பிரமணியம். அவர் நாகர்கோவில் வடசேரியில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் பணியாற்றி, பின்பு அங்கேயே மொழியியல் துறையை உருவாக்கியவர். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். அவரும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் நாட்டில் வளர்ந்தவர் என்பதை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

ஒப்பியல் என்பது என்னவென்று உங்களுக்கு வீட்டுச் சொற்களைக் கொண்டே காட்டுகிறேன். தமிழில் ஏழு, தெலுங்கில் ஏடு. தமிழில் கோழி, தெலுங்கில் கோடி. ழகரம் இருக்கும் இடத்தில் டகரம் வருகிறது. ஒருமுறை வந்தால் தற்செயல். சொல்லுக்குச் சொல் வந்தால் விதி. இன்னொன்று பாருங்கள். தமிழில் அவர், தெலுங்கில் வாரு. தமிழில் உரல், தெலுங்கில் ரோலு. சொல்லின் முதலில் நின்ற உயிர் இடம் பெயர்ந்து மெய்க்குப் பின்னால் போய்விட்டது. தமிழில் சொல்லின் முதலில் ரகரம் வராது என்று இலக்கணம் சொல்ல, தெலுங்கில் அது தாராளமாக வருவதற்கு இது ஒரு காரணம். இப்படிப்பட்ட விதிகளை ஒவ்வொன்றாகக் கண்டுதான் இந்த மொழிகள் ஒரே குடும்பம் என்று அறிஞர்கள் நிறுவினார்கள். சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816-இல் அதை முதலில் எடுத்துக் காட்டினார். ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையாகவே அது வெளிவந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856-இல் வந்தது. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வந்து, 1984-இல் திருத்திய பதிப்பாயிற்று. உங்கள் மகன் அந்த அகராதியைத் திறந்தால், உங்கள் வீட்டில் பாட்டி இட்லிக்கு மாவாட்டும்போது சொல்லும் சொற்களையே அதில் காண்பான்.

இலக்கணத்தில் வேறுபாடு அதைவிடச் சுவையானது. தெலுங்கில் அம்மா வந்தாலும் ‘வச்சிந்தி’, ரயில் வந்தாலும் ‘வச்சிந்தி’. ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் விகுதி ஒன்றே. பன்மையில் மட்டும் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து ‘வச்சாரு’ ஆகிவிடுகிறார்கள். தமிழில் வந்தாள் தனியாக நிற்கிறது. இந்த இரண்டு அமைப்புகளில் எது பழையது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. அப்படிப்பட்ட கேள்விக்குள் நுழைய, இரண்டு மொழியையும் தாய்மொழிபோல் பேசுபவனுக்கு இருக்கும் வசதி வேறு எவருக்கும் கிடையாது.

பயன் என்ன என்றும் கேட்பீர்கள். மைசூரில் 1969-இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம், இந்திய மொழிகளின் எழுத்துத் தரவுகளையும் பேச்சுத் தரவுகளையும் சேர்க்கும் பணியைச் செய்கிறது. பிற மாநில ஆசிரியர்களுக்குத் தென்மொழிகளைக் கற்பிக்கும் பத்து மாதப் பயிற்சியையும் நடத்துகிறது. மைய அரசு 2022-இல் தொடங்கிய பாஷிணி திட்டம், ஒரு மொழியில் பேசினால் மற்றொரு மொழியில் கேட்கும்படியான மென்பொருளுக்கானது. அப்படிப்பட்ட மென்பொருளுக்கு மூலப்பொருளாகும் வாக்கியங்களைப் பார்த்து, இது சரி, இது பேச்சுவழக்கு, இதில் மரியாதை மாறிவிட்டது என்று குறிப்பு எழுத இலக்கணம் தெரிந்த மனிதர் வேண்டும். சற்று முன்பு சொன்ன போக்குவரவு கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள்: மொழியியல் படிக்கும்போது கொஞ்சம் கணினி நிரல் எழுதவும் பழகட்டும். திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்திலும் தமிழ்த் துறை உண்டு. இலக்கியம்தான் அவனுக்கு விருப்பம் என்றால் அதையும் பார்க்கலாம்.

கேள்வி: மொழிப்பாடம் படிப்பவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். என்னும் ஆய்வு உதவித்தொகை உண்டா? ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவுமா?
(ஒரு வாசகி, நகரி)

பதில்: இரண்டுக்கும் ஆம். ஜே.ஆர்.எஃப். பெறுவதற்கான யு.ஜி.சி. நெட் தேர்வு தமிழ், தெலுங்கு, மலையாளம் ஆகிய மூன்றுக்கும் நடக்கிறது. முதல் தாள் 50 வினா, 100 மதிப்பெண். பாடத் தாள் 100 வினா, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். ஜே.ஆர்.எஃப். பெற்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், பின்பு மூத்த ஆய்வாளர் நிலையில் 42,000 ரூபாய். அறிவியல் படித்தவருக்கு என்ன தொகையோ அதே தொகைதான் தமிழ் படித்தவருக்கும். இதை உறவினர்கள் கூடும் இடத்தில் ஒருமுறை சொல்லிவையுங்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தையோ தெலுங்கு இலக்கியத்தையோ விருப்பப் பாடமாக எடுக்கலாம். இரண்டு தாள், 500 மதிப்பெண்.

கேள்வி: நாங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாலக்காட்டுச் சித்தூரில் இருப்பவர்கள். எம்.ஏ. தமிழில் சேர்ந்த பேரன், நான் “ஓர்மை இல்லை” என்றாலும் “மிண்டாமல் இரு” என்றாலும் “தாத்தா, இது தமிழே இல்லை, கலப்படம்” என்கிறான். படிப்பு எங்கள் பேச்சைப் பிழையாக்குவதற்குத்தானா?
(எழுபத்தெட்டு வயது வாசகர், சித்தூர்)

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பேரன் இன்னும் பாதி வழியில் நிற்கிறான்; அதனால்தான் அப்படிப் பேசுகிறான். ஓர்மை என்ற சொல்லை அவன் மலையாளம் என்று தள்ளுகிறான். “ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து” என்று தொடங்கும் 541-ஆம் குறளை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஓர்தல் என்றால் எண்ணிப் பார்த்தல், ஆராய்தல். அந்த ‘ஓர்’ தமிழ்நாட்டுப் பேச்சில் தேய்ந்துபோய், மலையாளத்தில் ஓர்மையாக, நினைவாக, அன்றாட வழக்கில் நிலைத்துவிட்டது. உங்கள் வாயிலும் நிலைத்திருக்கிறது. மெல்ல என்பதற்கு ‘பைய’ என்று நீங்கள் சொல்வீர்களானால், அதுவும் “பசையினள் பைய நகும்” என்று 1098-ஆம் குறளில் இருக்கிறது. பார் என்பதற்கு நோக்கு என்பது தமிழ்நாட்டில் இன்று எழுத்து வழக்கு; பாலக்காட்டில் தெருவழக்கு.

அதே சமயம் பேரனுக்கும் நியாயம் செய்ய வேண்டும். மிண்டாமல் என்பது அப்படியல்ல. பேசாமல் என்ற பொருளில் அந்தச் சொல் மலையாளப் பழக்கத்தால் நம் பேச்சுக்கு வந்தது. அக்கம்பக்கத்தில் வாழ்பவர்கள் சொல்லைக் கொடுத்து வாங்குவது இயல்பு. வாங்கியதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் எது நாம் பழமையிலிருந்து காத்து வைத்திருப்பது, எது பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியது என்று பிரித்துச் சொல்வதுதான் மொழிப்பாடம் படித்தவன் செய்ய வேண்டிய வேலை. தமிழ் மட்டும் தெரிந்தவன் இரண்டையும் ஒன்றாகக் கலப்படம் என்று ஒதுக்குவான். மலையாளம் மட்டும் தெரிந்தவன் இரண்டையும் தன்னுடையது என்பான். இரண்டு மொழியின் பழைய நூல்களையும் படித்தவனுக்கே வேறுபாடு தெரியும். குண்டர்ட் 1872-இல் வெளியிட்ட மலையாள அகராதியையும் தமிழ்ப் பேரகராதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்கு யாராவது கற்றுக் கொடுத்திருந்தால், உங்களிடம் பிழை சொல்லாமல் கேள்வி கேட்டிருப்பான்.

இதில் எனக்கு ஓர் ஆற்றாமை உண்டு. அட்டப்பாடியில் இருளரும் முதுகரும் குறும்பரும் பேசும் மொழிகளும், நம் வட்டத்திலேயே எரவாளர் பேசும் பேச்சும், பாலக்காட்டிலிருந்து ஒருநாளில் போய் வரும் தொலைவில் இருக்கின்றன. நீலகிரியில் இருளர் மொழியை ஆராய்ந்து எழுத செக் நாட்டில் பிறந்த அறிஞர் கமில் சுவலபில் வந்தார். நம் மாணவர்களோ முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டால், நூறு பேர் எழுதிய காப்பியத்தின் உவமைகளையே நூற்றோராவதாக எழுதுகிறார்கள். காப்பியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் கற்பித்தே வாழ்ந்தவன் நான். ஆயினும் காப்பியம் அச்சில் பத்திரமாக இருக்கிறது. உங்களைப் போன்ற எழுபத்தெட்டு வயதுக்காரரின் பேச்சு எங்கும் பதிவாகவில்லை.

ஆகவே பேரனுக்கு ஒரு வேலை கொடுங்கள். விடுமுறைக்கு வரும்போது கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பழைய காலத்து நெல் விவசாயத்தைப் பற்றி உங்களிடம் கேட்கட்டும். நாற்றங்காலில் தொடங்கி அறுவடை, களம், பத்தாயம் வரை ஒவ்வொரு வேலைக்கும் கருவிக்கும் நீங்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் சொன்னவர் வயது, ஊர், நாள், அந்தச் சொல் வந்த முழு வாக்கியம் ஆகியவற்றைக் குறிக்கட்டும். பிறகு அதே கேள்விகளைப் பக்கத்தில் மலையாளம் பேசும் ஒரு விவசாயியிடமும், கோபாலபுரத்துக்கு அப்பால் தமிழ்நாட்டில் ஒருவரிடமும் கேட்டு, மூன்றையும் மூன்று பத்தியாக எழுதட்டும். இருநூறு சொல் சேர்ந்தால் அவனுடைய துறையில் ஆய்வேட்டுக்கு அதுவே போதும். எழுதி முடித்ததும் ஒரு படியை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பத்தாயத்தின் அடியில் நெல்லை வெளியே எடுக்க வைத்திருக்கும் சிறு திறப்புக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர் வழங்கியது என்பதை முதல் சொல்லாக எழுதட்டும். எனக்கு அது நெடுநாளாகத் தெரிய வேண்டியிருக்கிறது.